ஒன்பது வயசு குதிரையும் ஒண்ணே முக்கால் மைலும்

முதல்லயே சொல்லிடறேன், இது சூதாட்டப் பதிவு இல்லை. குதிரை ரேஸ்ல இதுவரைக்கும் பத்து பைசா கட்டினதில்லை, கட்டப்போறதும் இல்லை. நம்ம ஊர்ல ரேஸ்னு சொன்னாலே கிண்டி ஞாபகம் வரும். கூடவே பழைய கறுப்பு வெள்ளை படத்துல சொத்தையெல்லாம் தொலைச்சுட்டு ராத்திரி தள்ளாடி வீட்டுக்கு வர்ற அப்பா கேரக்டரும் ஞாபகம் வரும். "அவன் ரேஸுக்குப் போறான்"ங்கறது எங்க பாட்டி அகராதியில கெட்ட வார்த்தை. அதனால இதை அம்மா படிக்க மாட்டாங்கங்கற நம்பிக்கையில ஆரம்பிக்கிறேன் :-)

நான் சொல்லப்போறது ஆறே ஆறு வருஷம் உயிரோட இருந்த ஒரு ரேஸைப் பத்தி. பேரு ப்ரீடர்ஸ் கப் மாரத்தான். 2008ல் பிறந்தது. 2013ல் கடைசியா ஓடினது. ராத்திரி ஷிப்ட்ல ஏதோ ஒரு பில்ட் முடியறதுக்காக காத்துக்கிட்டு யூட்யூப்ல மேய்ஞ்சப்போ மாட்டிச்சு. அன்னிக்கு ஆரம்பிச்ச கிறுக்கு, இன்னும் தெளியலை.

ப்ரீடர்ஸ் கப் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. அமெரிக்காவுல கென்டக்கிப் பக்கம் ஜான் கெய்ன்ஸ்னு ஒரு பெரிய குதிரை வளர்ப்பாளர். வருஷக் கடைசியில எல்லா வகையிலும் சிறந்த குதிரைகளை ஒரே இடத்துக்கு வரவெச்சு, ஒரே நாள்ல பல ரேஸ் நடத்தி, யார் சாம்பியன்னு முடிவு பண்ணணும்னு அவர் யோசனை. 1984ல் கலிஃபோர்னியாவின் ஹாலிவுட் பார்க்ல முதல் தடவை நடந்தது. அப்போ ஏழே ஏழு ரேஸ், ஒரே நாள். 2007லேர்ந்து ரெண்டு நாள் திருவிழா. ஊர் ஊரா மாறும். ஒரு வருஷம் சான்டா அனிட்டா, ஒரு வருஷம் சர்ச்சில் டவுன்ஸ், இப்படி.

இதுக்குப் பணம் எங்கேர்ந்து வருதுங்கறது முக்கியம், பின்னாடி தேவைப்படும். பொலிகுதிரை வெச்சிருக்கறவங்க வருஷா வருஷம் ஒரு தொகை கட்டணும். குட்டி பிறந்தா அதைப் பதிவு பண்ண ஒரு தொகை கட்டணும். அதாவது வளர்ப்பவர்கள் காசுல, வளர்ப்பவர்கள் நடத்தற கோப்பை. பேர்லயே இருக்கு பாருங்க, ப்ரீடர்ஸ் கப்.

2008ல் நிறைய புது ரேஸ் சேர்த்தாங்க. அதுல ஒண்ணுதான் மாரத்தான். முதல் வருஷம் ஒன்றரை மைல். அடுத்த வருஷத்துலேர்ந்து ஒண்ணே முக்கால் மைல், அதாவது கிட்டத்தட்ட 2,800 மீட்டர்.

"இவ்வளவுதானா? எங்க தெருவுல மாமா இதைவிட அதிக தூரம் வாக்கிங் போறாரே"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. குதிரை ரேஸ்ல தூரத்தை ஃபர்லாங்ல சொல்வாங்க. ஒரு மைலுக்கு 8 ஃபர்லாங். அமெரிக்காவுல தினசரி நடக்கற ரேஸ்ல ரொம்ப சகஜமான தூரம் 6 ஃபர்லாங். உலகமே பாக்கற கென்டக்கி டெர்பியே 10 ஃபர்லாங்தான். மாரத்தான் 14. சான்டா அனிட்டாவுல மண் ட்ராக்கோட சுற்றளவு சரியா ஒரு மைல். அப்போ என்ன ஆகும்? குதிரைங்க கிளம்பி 6 ஃபர்லாங் ஓடினதும் வெற்றிக்கோட்டை ஒரு தடவை தாண்டும். மத்த ரேஸா இருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும், ஜாக்கி கையைத் தூக்கி இருப்பார். இங்கே அதுக்கு மேல இன்னும் ஒரு முழு சுத்து பாக்கி. ஒரு ஸ்பிரிண்ட் முடிச்சுட்டு, அப்புறம் ஒரு மைல் ரேஸ் ஓடற மாதிரி.

இது உடம்பை என்ன பண்ணும்னு படிச்சப்போதான் எனக்கு இந்த ரேஸ் மேல நிஜமான மரியாதை வந்தது. குதிரையால வாயால மூச்சு விட முடியாது, மூக்கு மட்டும்தான். நாலுகால் பாய்ச்சல்ல ஒரு எட்டுக்கு ஒரு மூச்சுதான். கால் நாலும் தரையை விட்டு எழும்பும்போது உள்ளே இழுக்கும், முன்னங்கால் தரையில இறங்கும்போது வெளியே தள்ளும். நாம ஓடும்போது களைப்பா இருந்தா நடுவுல ரெண்டு மூச்சு சேர்த்து இழுப்போம் இல்லையா, குதிரைக்கு அந்த சௌகரியம் கிடையாது. மூச்சு வேணும்னா எட்டு வெக்கணும். நின்னு துடிக்கிறப்போ நிமிஷத்துக்கு 30, 40 தடவை அடிக்கிற இதயம், ரேஸ்ல 220ஐத் தாண்டும். மண்ணீரல்ல கோடவுன் மாதிரி சேர்த்து வெச்சிருக்கற சிவப்பணுக்களையெல்லாம் ஓட ஆரம்பிச்சதும் ரத்தத்துல கொட்டும். இவ்வளவு சரக்கையும் எப்போ, எவ்வளவு செலவு பண்றதுங்கறதுதான் தூர ரேஸ். முதல் சுத்துல அள்ளி விட்டா ரெண்டாவது சுத்துல ஒண்ணும் இருக்காது.

இதுல ஒரு வேடிக்கை, தரோபிரெட்டுங்கற ஜாதிக் குதிரையே முதல்ல தூரத்துக்காகத்தான் உருவாச்சு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல ஒரு ரேஸ்னா நாலு மைல். அதுவும் ஒரு தடவை இல்லை, ஒரே நாள்ல திரும்பத் திரும்ப. 1764ல் பிறந்த எக்லிப்ஸ் அப்படி ஓடி, தோல்வியே காணாத குதிரை. இன்னிக்கு ஓடற குதிரைகள்ல பெரும்பாலானதோட தந்தை வழியைப் பிடிச்சுக்கிட்டே போனா அதுகிட்ட போய் நிக்கும். அப்புறம் மெதுவா தூரம் குறைஞ்சது. 1776ல் செயின்ட் லெஜர், 1780ல் டெர்பி. இளம் குதிரை, குறைஞ்ச தூரம், சீக்கிரம் முடிவு. முதல் டெர்பி ஒரே மைல்தான், ஒன்றரை மைல் ஆனது பின்னாடி.

2010ல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில எமலின் ஹில் குழு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தற மயோஸ்டாட்டின்னு ஒரு மரபணு. அதுல சி, டி-ன்னு ரெண்டு வகை. ரெண்டு பிரதியும் சி-யா இருந்தா குதிரை குறுந்தூரத்துக்கு ஏத்தது. சீக்கிரம் சதை போடும், ரெண்டு வயசுலயே ஜெயிக்கும். ரெண்டும் டி-யா இருந்தா தூரம் ஓடும், ஆனா முதிர நாளாகும். ஒண்ணு ஒண்ணா இருந்தா நடுத்தரம். 2012ல் அதே குழுவினர் இன்னொரு படி போனாங்க. தரோபிரெட்ல இருக்கற அந்த சி வகை, சுமார் 300 வருஷத்துக்கு முன்னாடி பிரிட்டன்ல இருந்த ஒரே ஒரு பெட்டைக் குதிரைகிட்டேர்ந்து வந்திருக்கணும்னு. பழைய காலத்து பேர்போன குதிரைகளோட எலும்பு, பல்லெல்லாம் சோதிச்சா டி-தான் அதிகம். ஆக, தூரம்தான் பழைய சொத்து. வேகம் பின்னாடி வந்து பரவினது. பரவ விட்டது மனுஷன்தான்.

சரி, ரேஸுக்கு வருவோம்.

2008ல் முகன்னாக், 2009ல் மேன் ஆஃப் அயர்ன். ரெண்டும் ஐரோப்பாவிலேர்ந்து வந்து ஜெயிச்சதுங்க. அப்போ சான்டா அனிட்டாவுல மண்ணுக்குப் பதிலா செயற்கைத் தளம் போட்டிருந்தாங்க, அது அவங்களுக்குத் தோதா இருந்தது. "பாத்தீங்களா, எங்களுக்கு தூரக் குதிரையே இல்லை"ன்னு அமெரிக்காக்காரன் நொந்துக்கிற மாதிரி ஆரம்பம்.

2010ல் சர்ச்சில் டவுன்ஸ், நிஜ மண். ஜெயிச்சது எல்டாஃபர்னு ஒரு காயடிச்ச குதிரை. இதைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். எல்டாஃபருக்குத் தனியா இருந்தா ஆகாது. அதனால எங்கே போனாலும் கூடவே ரெண்டு ஆடு போகும். லாயத்துல துணைக்கு. அந்த ஆடுங்க பேரு என்ன தெரியுமா? யாஹூ, கூகுள்! சத்தியமா நான் கட்டினது இல்லைங்க. உலக சாம்பியன்ஷிப்புக்கு ரெண்டு சர்ச் இன்ஜினையும் கையோட கூட்டிட்டு வந்த ஒரே விளையாட்டு வீரன் இதுவாத்தான் இருக்கும். கோடிக்கணக்குல விலை போன குதிரைங்க நிக்கற வரிசையில, ரெண்டு ஆட்டோட ஒரு குதிரை.

2011ல் அஃப்லீட் அகெய்ன். அதை யாருமே மதிக்கலை, ஒண்ணுக்கு நாப்பதுக்கு மேல போயிருந்தது. அதுவும் ஜெயிச்சது.

கவனிச்சீங்களா? இந்த ரேஸுக்கு வந்தவங்க எல்லாருமே வேற எங்கேயும் இடம் இல்லாதவங்க. கோட்டை வாசலுக்கு வெளியே நிக்கற கூட்டம்.

இப்போ நம்ம ஹீரோ. 2012 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை. சான்டா அனிட்டா திரும்ப மண் ட்ராக்குக்கு மாறியிருந்தது. அர்ஜென்டினாவிலேர்ந்து ஒரு குதிரை வந்திருந்தது. பேரு காலிடோஸ்கோப்பியோ. வயசு 9.

ஒன்பதுங்கறது எவ்வளவு பெரிய வயசுன்னு புரியணும்னா ஜஸ்டிஃபையைப் பாருங்க. 2018ல் அமெரிக்காவின் ட்ரிப்பிள் க்ரவுன் ஜெயிச்ச குதிரை. மொத்தம் ஆறே ரேஸ், ஆறும் வெற்றி. பிப்ரவரியில முதல் ரேஸ், ஜூன்ல கடைசி ரேஸ். நாலு மாசம்கூட முழுசா இல்லை. மூணு வயசுலயே ஓய்வு. அடுத்த வருஷம் அதைப் பொலிக்கு விட ஒரு தடவைக்கு 1,50,000 டாலர். ஓடினா கால் உடையலாம், சும்மா நின்னா காசு கொட்டும். யார்தான் ஓட விடுவாங்க? அந்த உலகத்துல ஒன்பது வயசுக் குதிரைங்கறது, கேம்பஸ் இன்டர்வியூ வரிசையில வந்து நிக்கற பெரியப்பா மாதிரி.

ஜாக்கி ஏரன் க்ரைடர். கதவு திறந்தது. எல்லாம் பாய்ஞ்சது. காலிடோஸ்கோப்பியோ மட்டும் பாயலை. கடைசி. கடைசின்னா சும்மா கடைசி இல்லை. முதல் தடவை மேடைக்கு முன்னாடி கூட்டம் கடந்து போகும்போது, இது தனியா பின்னாடி வருது. கேமரா முன்னணியைக் காட்டினா இது ஃப்ரேம்லயே இல்லை. நான் முதல் தடவை வீடியோ பாத்தப்போ, கால்ல ஏதோ அடி, ஜாக்கி நிறுத்தப்போறார்னுதான் நினைச்சேன். மண் ட்ராக்ல முன்னாடி போறவன் கிளப்பற மண்ணு பின்னாடி வர்றவன் மூஞ்சியில அடிக்கும். அங்கே பின்தங்கினவன் பெரும்பாலும் பின்தங்கினவன்தான்.

க்ரைடர் அசையலை. சாட்டை எடுக்கலை, தலையைத் திருப்பலை. எதிர்ப்பக்க நேர்கோட்டுல போகும்போது மெதுவா, ரொம்ப மெதுவா, இடைவெளி குறைய ஆரம்பிச்சது. இந்தக் குதிரை வேகம் கூட்டின மாதிரியே தெரியலை. அதே எட்டு, அதே மூச்சு. மத்தவங்கதான் கரைஞ்சாங்க. கடைசி வளைவுல வெளிப்பக்கமா வந்து ஒவ்வொருத்தரா தாண்டினது. நேர்கோட்டுக்கு வந்தப்போ முன்னாடி யாரும் இல்லை. வெற்றிக்கோட்டுல பின்னாடி வந்த க்ராஸிக்கும் இதுக்கும் நடுவுல பல குதிரை நீளம் இடைவெளி. அதுவரைக்கும் ப்ரீடர்ஸ் கப்போட எந்த ரேஸையும் ஒன்பது வயசுக் குதிரை ஜெயிச்சதில்லை.

மொத்தமே மூணு நிமிஷம். இதுவரை நாப்பது தடவையாவது பாத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் முதல் ஒண்ணரை நிமிஷம் "இது எப்படி சாத்தியம்"னு தோணும். முடிவு தெரிஞ்சும்!

2013ல் லண்டன் பிரிட்ஜ்னு ஒரு குதிரை ஜெயிச்சது. அதோட சரி. 2014 ப்ரீடர்ஸ் கப் பட்டியல்ல மாரத்தான் இல்லை. மாரத்தான் ஸ்டேக்ஸ்ங்கற பேர்ல சான்டா அனிட்டாவுல தனி ரேஸா நடத்தினாங்க. ஆனா சாம்பியன்ஷிப்ங்கற பட்டம் போயிடுச்சு.

என் பார்வையில காரணம் ரொம்ப சிம்பிள். பணம் கட்டறது வளர்ப்பவர்கள். குட்டியை ஒரு வயசுல ஏலத்துல விக்கணும். வாங்கறவன் ரெண்டு வயசுல ஜெயிக்கற குதிரையைத்தான் கேப்பான். ஒண்ணே முக்கால் மைலை அஞ்சு வயசுலயோ ஒன்பது வயசுலயோ ஜெயிச்ச குதிரையைப் பொலிக்குக் கேட்டு யாரும் க்யூவில நிக்கப்போறதில்லை. முகன்னாக், எல்டாஃபர் ரெண்டும் காயடிச்ச குதிரை, பொலிக்கே லாயக்கில்லை. ஜெயிச்சும் யாருக்கும் லாபம் இல்லாத ரேஸ். எக்ஸெல் ஷீட்ல பாத்தா எடுத்தது நியாயம்தான்.

எனக்கு உறுத்தறது இந்த இடத்துலதான். எங்க தொழில்ல டெஸ்ட்னு ஒண்ணு எழுதுவோம். ஒரு வேலையை சாஃப்ட்வேர் சரியா செய்யுதான்னு தினமும் சோதிக்கற நிரல். ஒரு டெஸ்ட் அடிக்கடி ஃபெயில் ஆகுதுன்னு வெச்சுக்கங்க, அதைச் சரிபண்ண ரெண்டு வழி. கோளாறைக் கண்டுபிடிச்சு திருத்தலாம். இல்லைன்னா டெஸ்ட்டையே அழிச்சிடலாம். அழிச்ச அடுத்த நிமிஷம் எல்லாம் பச்சை. எல்லாருக்கும் சந்தோஷம். அந்தத் திறமை எப்போ செத்ததுன்னு அதுக்கப்புறம் யாருக்கும் தெரியவே தெரியாது.

மாரத்தான் அந்த மாதிரி ஒரு டெஸ்ட். குதிரை எப்படி இருக்கணும்னு ரேஸ்தான் சொல்லுது, அதைப் பாத்துத்தான் அடுத்த தலைமுறை குட்டிகளை உருவாக்கறாங்க. தூர ரேஸ் இல்லைன்னா தூரக் குதிரைக்கு விலை இல்லை. விலை இல்லைன்னா அந்த ரத்தத்தை யாரும் வளர்க்க மாட்டாங்க. இருபது வருஷம் கழிச்சு "தூர ரேஸ் வெக்கலாமே"ன்னு ஒருத்தர் கேட்டா, "ஓடறதுக்குக் குதிரை எங்கே?"ன்னு பதில் வரும். அப்போ அது உண்மையாவும் இருக்கும்.

இங்கிலாந்துல இதைப் புரிஞ்சவங்க கொஞ்சம் பேராவது இருக்காங்க. ராயல் ஆஸ்காட்ல கோல்ட் கப் 1807லேர்ந்து நடக்குது, இரண்டரை மைல். யேட்ஸ்ங்கற குதிரை 2006லேர்ந்து 2009 வரை தொடர்ந்து நாலு தடவை ஜெயிச்சது. 2013ல் எலிசபெத் ராணியோட எஸ்டிமேட் ஜெயிச்சப்போ அந்த அம்மா சிரிச்ச சிரிப்பைப் பாக்கணும், ஏதோ பேத்தி பத்தாவதுல ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த மாதிரி. 2011ல் ஆரம்பிச்ச பிரிட்டிஷ் சாம்பியன்ஸ் டேயிலயும் லாங் டிஸ்டன்ஸ் கப்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. ட்ரூஷான்னு ஒரு காயடிச்ச குதிரை அதை 2020, 2021, 2022னு மூணு தடவை ஜெயிச்சது. அங்கேயும் பணம் வேகத்துக்குத்தான். ஆனா டெஸ்ட்டை அழிக்கலை.

இதையெல்லாம் ஒரு சாஃப்ட்வேர்காரன் ஏன் புலம்பறான்னு தோணலாம். நாங்க வேலை பாக்கறதும் 'ஸ்பிரிண்ட்'லதான். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. முடிஞ்சதும் அடுத்தது, முடிஞ்சதும் அடுத்தது. மாரத்தான்னு ஒரு மீட்டிங் எந்தக் கம்பெனியிலயும் கிடையாது. முன்னாடி இருந்த ஒரு இடத்துல ஒரு சீனியர் இருந்தார், அண்ணான்னுதான் கூப்பிடுவோம். மாசக் கடைசி கணக்கு முடிக்கற ஒரு பழைய சிஸ்டத்தைப் பதினாலு வருஷமா பாத்துக்கிட்டவர். "தம்பி, இது ஓடறவரைக்கும் நான் இருக்கேன்னு எவனுக்கும் தெரியாது. ஒரு நாள் நின்னுச்சுன்னாதான் தெரியும். அது நிக்கக்கூடாதுங்கறதுதான் என் வேலை"ம்பார். அப்ரைசல் ஃபாரத்துல "இந்த ஸ்பிரிண்ட்ல புதுசா என்ன பண்ணீங்க"ன்னு ஒரு கட்டம். பதினாலு வருஷமா அவர் அதுல எழுதறதுக்கு ஒண்ணும் இல்லை. ஒரு ஏப்ரல்ல போகச் சொல்லிட்டாங்க. கேக்கெல்லாம் வெட்டினோம். இப்போ வேற கம்பெனியில எனக்கும் ஒரு தேர்வு வந்திருக்கு. புதுசா ஆரம்பிக்கற டீமுக்குப் போறதா, இல்லை யாரும் தொட விரும்பாத ஒரு பழைய சிஸ்டத்தை எடுத்துக்கறதான்னு. நண்பர்கள் எல்லாரும் ஒரே குரல்ல "லூசாடா நீ, புதுசுக்குப் போ"ங்கறாங்க. காசுக் கணக்குல அவங்க சொல்றது சரி. நான் இன்னும் பதில் சொல்லலை. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்.

குதிரை ரேஸை ரொம்பவும் புனிதமாக்கிடக் கூடாது, அதையும் சொல்லிடறேன். இதே சான்டா அனிட்டாவுல 2019ல் ஒரே சீசன்ல முப்பது குதிரைகள் வரைக்கும் செத்து, பெரிய போராட்டமே நடந்தது. ஜெயிச்ச குதிரைக்கு ஜெயிச்சோம்னு தெரியுமாங்கறதே சந்தேகம். அது கேட்டு ஓட வந்ததில்லை. இதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் பாக்கறேன். அந்த உறுத்தலுக்கு என்கிட்ட சமாதானம் இல்லை.

காலிடோஸ்கோப்பியோ கதையில இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கு. 2013 ஜூன்ல நியூயார்க் பெல்மான்ட் பார்க்ல ப்ரூக்ளின் ஹேண்டிகேப், ஒன்றரை மைல். ஏட்டுக் கணக்குப்படி அப்போ அதுக்கு வயசு பத்து. வழக்கம் போல கடைசியிலேர்ந்து வந்து அதையும் ஜெயிச்சது.

நேரம் இருந்தா அந்த 2012 வீடியோவைத் தேடிப் பாருங்க. முதல் சுத்துல முன்னாடி போறவங்களைப் பாக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. திரையோட ஓரத்துல, கூட்டத்துக்கு ரொம்பப் பின்னாடி, தனியா ஒண்ணு வரும். அதையே பாருங்க.

டிஸ்கி: பதிவைப் படிச்சுட்டு யாராவது ரேஸுக்குக் காசு கட்டினா கம்பெனி பொறுப்பல்ல. ஆடு வளர்க்கறதா இருந்தா பேரு வெக்க மட்டும் என்னைக் கேளுங்க :-)